லஸ்கர் இல்லாத வாய்க்கால்

நன்னிலம் பக்கத்துப் பள்ளியொன்றில் பிளஸ் டூவுக்கு அரசியல் அறிவியல் எடுக்கிறேன். புதிதாக விடைத்தாள் திருத்த வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்த அரையாண்டுத் தேர்வில், ‘நாடுகள் ஏன் போருக்குப் போகின்றன? தத்துவ நோக்கில் விளக்குக’ என்பது ஐந்து மார்க் கேள்வி. கீயில், அதாவது விடைக்குறிப்பில், மூன்று காரணங்கள்: மனித இயல்பு, ஆட்சியின் தன்மை, நாடுகளுக்கு மேல் ஓர் அதிகாரம் இல்லாமை. என் மகளுக்கு அன்று காய்ச்சல். ஒரு கையால் அவளைத் தட்டிக்கொண்டே திருத்தினேன். சுகந்தி என்ற மாணவி பக்கம் முழுக்க வாய்க்காலைப் பற்றி எழுதியிருந்தாள். ‘பாடத்துக்கு வெளியே’ என்று எழுதிப் பூஜ்யம் போட்டேன். மூன்று மார்க்கில் ஃபெயில்.

தாளைக் கொடுத்ததும் மேஜையருகே வந்து நின்றாள். ஒரு பாடம் போனாலும் காலேஜ் கிடையாது என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறாராம். அழவில்லை.

“கடைசி வரைக்கும் படிச்சீங்களா மிஸ்?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தாளை வாங்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்ப் படித்தேன்.

‘எங்கள் ஊர் கடைமடை, வாய்க்கால் முடிகிற இடம். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, மதகு திறக்கும் லஸ்கர் இருக்கும்வரை சண்டை இல்லை. அவர் வராத நாளில், மேல்மடைக்காரர்கள் அடைத்துவிடுவார்களோ என்று எங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு போவார்கள். நாங்கள் கரையை வெட்டிவிடுவோமோ என்று அவர்களும் வருவார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. இரண்டு பக்கமும் பயம். நாடுகளுக்கு லஸ்கரே கிடையாது.’

மூன்றாவது காரணம். நான் நான்கு வருஷமாகப் புத்தகத்திலிருந்து வாசித்துவந்தது.

மார்க்கைத் திருத்த அனுமதி கேட்டுப் போனேன். தலைமையாசிரியை தாளைப் புரட்டிப் பார்த்தார். “இதுக்கு மார்க் போட்டா நாளைக்கு எல்லாரும் நாத்து நட்ட கதை எழுதுவாங்க டீச்சர்.”

“கீயிலயே இருக்குங்க மேடம். நான்தான் படிக்கல.”

மார்க்கைத் திருத்தச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். மூன்று மார்க் கொடுத்தேன்; பாஸானாள். ஒரே காரணத்துக்கு இரண்டு போதாதா, மூன்றாவது மார்க் அவள் விடைக்கா, என் குற்ற உணர்வுக்கா என்று இன்றும் யோசிக்கிறேன். சுகந்தி இப்போது காலேஜில் படிக்கிறாள்.

செய்தியில் எங்காவது குண்டு விழுந்தால், “எந்தப் பக்கம் மிஸ் கெட்டவங்க?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவள் விடையைச் சொல்கிறேன். முழுப் பதில் இல்லைதான்.

நாடுகளுக்கு லஸ்கர் இல்லை. ஒரு வகுப்புக்கு உண்டு. படிக்காமல் பூஜ்யம் போட்ட அன்று, அந்த லஸ்கர், நான்தான், வேலைக்கு வரவில்லை.