தொண்ணூற்றெட்டு பேர்

சின்னவள் மேற்படிப்புக்காக வெளிநாட்டுக்கு விமானம் ஏறிய வியாழக்கிழமை காலை, மாமியார் வாசலில் நின்று அழுத அழுகையைப் பார்த்துப் பெரியவளுக்கு வயிறு எரிந்தது. இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள், இருவருமே மருத்துவர்கள். ஆனால் வீட்டில் யாருக்கு ஊசி என்றாலும் சின்னவளைத்தான் தேடுவார்கள்.

"அவ போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. நீ போட்டா ரெண்டு நாளைக்குக் கைய தூக்க முடியல," என்றார் மாமியார், மூக்கைச் சிந்திக்கொண்டே.

பெரியவள் தான் பாடம் எடுக்கும் மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பினாள். செய்முறைத் தேர்வுக்குத் தேர்ச்சி வரம்பு குறிக்க அன்று பத்து ஆசிரியர்கள் கூடினார்கள். மயிரிழையில் தேறக்கூடிய நூறு மாணவர்களை மனதில் நிறுத்தி, ஒவ்வொரு படியையும் அவர்களில் எத்தனை பேர் சரியாகச் செய்வார்கள் என்று எழுத வேண்டும். பத்துப் பேர் எழுதியதன் சராசரிதான் வரம்பு.

நரம்பில் ஊசி ஏற்றும் படி வந்தது. பெரியவள் கண்ணை மூடினாள். மாணவர்கள் யாரும் வரவில்லை, சின்னவளின் கைதான் வந்தது. தொண்ணூற்றெட்டு என்று எழுதினாள். அடுத்த படிகளுக்கும் அதே கைதான்.

"தராசு" என்று பட்டப்பெயர் வாங்கிய கூட்டத் தலைவர் தாள்களைக் கூட்டிப் பார்த்தார். "என்னம்மா, நாங்க எல்லாரும் அறுபதுல நிக்கறோம், நீங்க மட்டும் மொட்டை மாடிக்குப் போயிட்டீங்க?"

"நோயாளி உயிர் சார். கறாராத்தான் இருக்கணும்."

"கறாரா? போன வாரம் நீங்களே மூணு தடவை குத்தித்தானே நரம்பைப் பிடிச்சீங்க!" என்றாள் பக்கத்திலிருந்த குழந்தைகள் நல மருத்துவர். அறையே சிரித்தது.

தராசு சிரிக்கவில்லை. "உங்க ஒருத்தர் நம்பரால வரம்பு நாலு மார்க் ஏறுது. போன வருஷ மார்க்கை வச்சுப் பார்த்தா பதினோரு பிள்ளைங்க விழுவாங்க, ஆளுக்கு ஆறு மாசம் போச்சு. இன்னொரு சுற்று இருக்கு. யோசிச்சு எழுதுங்க."

பெரியவள் யோசித்தாள். தொண்ணூற்றெட்டு என்றால், சின்னவள் செய்வதைச் சுமாரான பிள்ளையும் செய்துவிடும். அந்த எண்ணத்தில் ஒரு சுகம் இருந்தது. அறுபது என்றால், சின்னவள் கை அபூர்வமான கை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பதாகும்.

"நான் வேற ஒருத்திய நினைச்சுட்டேன் சார்."

"யாரை?"

"எங்க வீட்ல இருந்தா. இன்னிக்குத்தான் போனா."

பல்லைக் கடித்துக்கொண்டு அறுபத்திரண்டு என்று எழுதினாள். பதினோரு பேரும் பிழைத்தார்கள். அவளுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து, வகுப்புக்கு நடுவே அவள் கைபேசிக்குச் சின்னவளின் செய்தி வந்தது.

"அக்கா, இங்க செய்முறைத் தேர்வுல ரெண்டு மார்க்ல போயிடுச்சு. அத்தைக்குத் தெரிய வேணாம். நான் விழுந்தா சந்தோஷப்படாத ஆள் நீங்க ஒருத்தர்தான், அதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."