குறை சொன்னவனுக்கு முன் சீட்டு

யுத்தத்துக்கு முந்தின வருஷங்களில் தென்காசியில் ஒரு பஸ் முதலாளியிடம் நான் மெக்கானிக்காக இருந்தேன். அவருக்கு பஸ் என்றாலே பந்தயம்தான். ஸ்டேஷனில் ரயில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு, எதிர்க் கம்பெனி வண்டிக்கு முன்னால் குற்றாலம் போய்ச் சேர வேண்டும். முந்திய வண்டிக்குப் பூமாலை. பிந்திய டிரைவருக்கு ஷெட்டில் எல்லார் முன்னாலும் வசவு.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். தினமும் காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி, “குறை ஏதும் உண்டாலே?” என்பார். உண்டு என்று எவன் சொல்கிறானோ, அவன் அன்றைக்கு அதே வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து போக வேண்டும். வண்டியை மட்டும் நிறுத்த மாட்டார். பொய்க் குறை சொல்லும் சோம்பேறிகளை இப்படிப் பிடித்துவிடலாமாம். அட, என்ன மூளை! பிரேக் பிடிக்காத வண்டியில் முன்னால் உட்கார எவனுக்கு ஆசை? “ஒண்ணும் இல்ல அண்ணாச்சி” என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுக் கலைவோம். எங்கள் ஷெட்டில் எந்த வண்டிக்கும் எந்த நாளும் குறையே இருந்ததில்லை.

அந்த வருஷம் சாரல் விடாமல் பெய்தது. பகலிலேயே பத்தடிக்கு அப்பால் சாலை தெரியாது. எங்கள் மூத்த டிரைவர் ஒரு மத்தியானம் என்னைத் தனியே கூப்பிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“மேலகரம் தாண்டுனா போதும்லே, பின்னால ஒருத்தன் ஆரன் அடிச்சுக்கிட்டே ஒட்டிக்கிட்டு வருதான். காது கிழியுது. நேத்து ஒதுங்கி வழி விட்டேன். ஆரன் நின்னுட்டு. வண்டியே வரல.”

“எதிர்க் கம்பெனிக்காரனா இருக்கும் அண்ணே.”

“அவன் வண்டி அச்சு முறிஞ்சு நாலு நாளா கெடக்குல்லா.”

போய்ப் பார்த்தேன். அந்த வண்டி சக்கரமில்லாமல் கல் முட்டுக் கொடுத்து நின்றது.

“எனக்கு ரெண்டு நாள் லீவு வாங்கிக் குடுலே. நான் கேட்டா பயந்தாங்கொள்ளிம்பாரு. நீ சொன்னா கேப்பாரு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்றேன்.

மறுநாள் காலை டிரைவர் வண்டியில் ஏறி இன்ஜினை உறும விட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நாங்கள் பேசியது அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. முதலாளி வழக்கம்போலக் கேட்டார். டிரைவருக்கு முடியவில்லை என்று சொன்னாலும் முதலாளி கணக்கில் அது வண்டிக் குறைதான். சொன்னவனுக்கு முன் சீட்டுதான். நிமிர்ந்து பார்த்தேன். மலை இருந்த இடமே தெரியவில்லை. அந்த மூட்டத்துக்குள், அந்த ஆரனுக்கு முன்னால், நான் உட்கார்ந்து போவதா?

“ஒண்ணும் இல்ல அண்ணாச்சி” என்றேன்.

ஒரு மணி நேரத்தில் சைக்கிளில் ஆள் வந்து சொன்னான். ஓடினேன். வளைவில் வண்டி வாய்க்காலுக்குள் தலைகுப்புறக் கிடந்தது. ஜனங்கள் சிராய்ப்போடு தப்பி, சாரலில் நனைந்தபடி சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் மாற்றி ஒருவர் அதையே கேட்டார்கள்.

“பின்னால ஆரன் அடிச்சுட்டு வந்த வண்டி எங்க போச்சு?”

ஈரச் சாலையில் எங்கள் வண்டியின் தடம் மட்டுமே இருந்தது.

டிரைவரை வரப்பில் கிடத்தியிருந்தார்கள். ஸ்டியரிங் நெஞ்சை நசுக்கிவிட்டது. கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

“அண்ணாச்சிகிட்ட சொன்னியாலே?”

“சொன்னேன் அண்ணே.”

“என்ன சொன்னாரு?”

“நாளையிலேருந்து லீவு எடுத்துக்கிடச் சொல்லிட்டாரு.”

அவர் முகம் தெளிந்தது. அதன் பிறகு ஒன்றே ஒன்றுதான் பேசினார்.

“நல்ல மனுசன். நாந்தான் அவரத் தப்பா நெனச்சுட்டேன்.”