மூன்றாம் நம்பரில் சொருகிய ரேம்

பிளஸ் டூவில் கணக்குப் பரீட்சைக்கே போகாத யூசுப்புக்கு, வேலப்பன்சாவடியில் அப்பாவின் பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பார்த்துக்கொள்வது என்றால், கல்லூரிப் பையன்களின் மவுஸ் அடியில் துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டு, அவர்கள் அதைத் தட்டோ தட்டென்று தட்டுவதைச் சிரிக்காமல் வேடிக்கை பார்ப்பது.

மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் மட்டும் பெனிட்டோவுக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற பெனிட்டோ, ஷிப்ட் முடிந்து ஆயில் கறையோடு வந்து உட்காருவான். மின்சார ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றையும், அதை ஓடவைக்கும் கேம் இன்ஜின் என்கிற அடிப்படை மென்பொருளையும் தானே எழுதிக்கொண்டிருந்தான். மற்ற கேம் இன்ஜின்களெல்லாம் பழைய கம்ப்யூட்டரில் மூச்சு விடாது என்பது அவன் கோபம். மூன்றாம் நம்பரில், இரண்டு ஜிபி ரேமில் ஓடினால்தான் அவனுக்கு ஓடியது. ‘2 ஜிபி’ என்று பெட்டியின் மேல் ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தான்.

நான்கு மாதம் முன்பு, விளையாட்டில் ஆவடிக்கு முன்னால் மரங்கள் வந்ததும் ரயில் திக்கித் திக்கி நின்றது. மூன்று வாரம் மல்லுக்கட்டிவிட்டு பெனிட்டோ பென்டிரைவைப் பிடுங்கினான்.

"நமக்கு லேத்துதான்டா நைனா. இதெல்லாம் ஆவாது."

அந்த முகத்தை யூசுப்பால் பார்க்க முடியவில்லை. "நாளைக்கு ஒரே ஒரு வாட்டி வா அண்ணாத்தே" என்று கெஞ்சி அனுப்பிவிட்டு, உடைசல் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு இரண்டு ஜிபி ரேமைக் கழற்றி மூன்றாம் நம்பரில் சொருகினான். ஒரு நாள் சேட்டை. மறுநாளே சொல்லிச் சிரித்துவிடலாம்.

மறுநாள் ரயில் வழுக்கிக்கொண்டு போனது. நிரலில் அன்று மாற்றிய இரண்டு வரிதான் காரணம் என்று நினைத்த பெனிட்டோ, யூசுப்பைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். எல்லோருக்கும் டீ வாங்கினான். டீயைக் குடித்த பிறகு எந்த வாயால் சொல்வது? தான் ஒட்டிய ஸ்டிக்கரைத் தானே நம்பிய பெனிட்டோ, செட்டிங்ஸைத் திறந்து பார்க்கவே இல்லை. தெம்பாக மரத்துக்குப் பக்கத்தில் மரமாக நட்டான், கிளை கிளையாக இலை வைத்தான்.

இப்போது, வரும் சனிக்கிழமை ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கத்துச் சர்ச் ஹாலில் பிள்ளைகள் முன்னால் விளையாட்டைப் போட்டுக்காட்ட வேண்டும். அங்கே பத்து கம்ப்யூட்டர், பத்தும் இரண்டு ஜிபி. "சும்மா பறக்கும் ஃபாதர்" என்று பெனிட்டோ வாக்கு கொடுத்துவிட்டான். அதைக் கேட்டதிலிருந்து யூசுப்புக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை வாயைத் திறந்தான்.

"அண்ணாத்தே, இந்த டப்பாவுல நாலு ஜிபி கீது."

"இன்னாடா, காமெடியா?"

"இல்லண்ணாத்தே. நான்தான் சொருவுனேன். நாலு மாசமாச்சு."

பெனிட்டோ பெட்டியைத் திறந்தான். கூடுதல் ரேமைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு விளையாட்டைப் போட்டான். ஆவடிக்கு முன்னால் ரயில் உறைந்து நின்றது.

"அன்னிக்கி டீ குடிச்சியே. எப்டிடா எறங்குச்சு?"



"நீ உட்டுட்டுப் பூடுவியோன்னு பயந்துட்டேன்" என்றான் யூசுப், கீபோர்டைப் பார்த்து.

பெனிட்டோ தன் நாற்காலியை யூசுப் பக்கம் தள்ளினான்.

"உக்காரு. ரெண்டு ஜிபி இவ்ளோ எலையத் தாங்காது, எல்லாத்தையும் நீதான் எடுக்கணும்."

வெள்ளிக்கிழமை முழுக்க யூசுப் எடுத்தான். பெனிட்டோ ஆசையாக வைத்த வேப்பிலைகள், ஒரு மரம் பாக்கியில்லாமல்.

சனிக்கிழமை பத்து கம்ப்யூட்டரிலும் ரயில் நிற்காமல் ஓடியது. வழியெல்லாம் மொட்டை மரங்கள். முன்வரிசையில் ஷைலா என்ற வாண்டு திரும்பிக் கேட்டாள்: "அண்ணா, மரத்துல ஏன் எலையே இல்ல?"

பெனிட்டோ யூசுப்பைப் பார்த்தான்.

"அது நான் பண்ண வேலைம்மா" என்றான் யூசுப்.

"அப்ப நீங்களே திருப்பி வெச்சிக் குடுங்க."

"வெப்பான், வெப்பான்" என்றான் பெனிட்டோ. "ரெண்டு ஜிபியிலயே வெப்பான்."