பாத்திமா அக்கா வீட்டுக் கலர்

தீபாவளிக்கு வந்த பழக்கூடையைப் பிரித்தபோது நீலக் கண்ணாடித்தாள் கையில் சரசரத்தது. அந்தச் சத்தத்தில் நான் பாயான் பாருவில் இருக்கும் என் வீட்டை விட்டு, எங்கள் தீவின் ஜார்ஜ் டவுன் மசாலாக் கடைக்கு மேலே பாத்திமா அக்கா குடியிருந்த மாடிக்குப் போய்விட்டேன். இன்று அது சுற்றுப்பயணிகள் தங்கும் விடுதி. அன்று, கீழே அரைபடும் மல்லியின் வாசம் தரைப்பலகை இடுக்கில் ஏறிவர, சனிக்கிழமைத் தமிழ்ப் படத்துக்குத் தெருவே அங்கே உட்கார்ந்திருக்கும். அக்காவின் கறுப்பு வெள்ளை டிவித் திரையில் மேலே நீலம், நடுவில் ரோஸ், கீழே பச்சை என்று கண்ணாடித்தாள் ஒட்டியிருக்கும். கதாநாயகிக்கு நெற்றி நீலம், பாதம் பச்சை.

வண்ண ஒளிபரப்பு வந்த வருஷம், எதிர் நகைக்கடை அண்ணன் கலர் டிவி வாங்கியதும் எல்லாரும் அங்கே ஓடினோம். அக்கா சுட்டுவைத்த வடையை நினைக்கக்கூட இல்லை. அன்று போட்டதோ பழைய கறுப்பு வெள்ளைப் படம். புதுப் பெட்டியிலும் அது சாம்பலாகத்தான் தெரிந்தது. ஒவ்வொருவராக அக்காவின் படியேறினோம்.

"வாங்க லா, நம்ம வீட்லதான் கலர்," என்று அக்கா வடைத் தட்டை நகர்த்தினார்.

பழக்கூடையின் நீலத் தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்து, டிவியில் ஓடிக்கொண்டிருந்த செய்தியைப் பார்த்தேன்.

"என்னம்மா பண்றீங்க?" என்றாள் மகள்.

"கலர்ல பாக்கிறேன் லா."