இடது விலாவுக்குக் கீழே

கொய்னா மருந்துத் தண்ணீரின் கசப்பு நாக்கில் படுவதற்கு முன்பே வயிறு இறுகிவிடும்... எங்கள் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, பால்மரம் வெட்டுகிறவர்கள் காட்டுக்குள் போன பிறகு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார்கள். டவுன் டாக்டர் ஒவ்வொரு வயிற்றையும் அமுக்கிப் பார்ப்பார். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்பட்டால் அது காய்ச்சல் கட்டி. மலேரியா உள்ளே குடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிள்ளைக்கு அன்றே கொய்னா ஆரம்பம்.

அதற்கு நாங்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தோம். டாக்டரின் கை பட்டதும் மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொள்வது. கட்டி மேலே ஏறி விலாவுக்குள் ஒளிந்துகொள்ளுமாம்! இதனால் யாரும் தப்பியதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் விடவில்லை.

இதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில். அப்பா தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. கையைக் கடித்தாலும் பரவாயில்லை என்று என்னை ஈப்போவில் தங்கவைத்து இங்கிலீஷ் பள்ளியில் படிக்கவைத்தார். சீனியர் பரீட்சையில் நன்றாகவே தேறினேன். அந்த வருஷம் சிங்கப்பூரில் டாக்டருக்குப் படிக்க, அரசாங்கச் செலவில் ஆள் எடுத்தார்கள். பேராக் மாநிலம் முழுவதிலும் பையன்கள் எழுதிப் போட்டிருந்தார்கள்; எடுக்கப் போவதோ விரல் விட்டு எண்ணிவிடலாம். அரசாங்கம் செலவு செய்யாவிட்டால் எனக்குச் சிங்கப்பூர் கிடையாது. அவ்வளவுதான்.

தோட்டமே எனக்கு ஆருடம் சொல்ல ஆரம்பித்தது. "கிராணி மவனுக்குக் கெடைச்ச மாதிரிதான் லா" என்றார் கடைக்காரர். தலைமையாசிரியர் கொஞ்சம் நிதானமானவர். மார்க் போதும், இங்கிலீஷும் போதும், கேள்வி கேட்கும்போது தரையைப் பார்க்காதே என்றார்.

அப்பாவுக்கு இது எதுவும் போதவில்லை. என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே மருந்து கொடுப்பதும் கட்டுப் போடுவதும் டிரஸர்தான். அவர் என் மார்க்கைக் கேட்கவில்லை.

"சட்டையத் தூக்கிட்டுப் படு தம்பி."

கை பட்டது. நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

"இருக்கு கிராணியாரே."

"பெருசாவா?"

"ரெண்டு விரல் இருக்கும். உடம்பு சோதிக்கிற டாக்டர் கையில பட்டுச்சுன்னா, பேரை அடிச்சிருவாங்க."

பிறகு என்னைப் பார்த்து, "நீ எதுக்கு மூச்சப் புடிக்கிற? இழுத்தா அது கீழ எறங்கி எங்க கைக்குத்தானே வரும்! வயித்தத் தளர்த்தி, சின்னதா மூச்சு வுடு" என்றார்.

இத்தனை வருஷமும் கட்டியை நாங்களே டாக்டரின் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்...

அதுவரை என் மார்க்கை எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அப்பா, அன்றோடு நிறுத்திக்கொண்டார். கொய்னாவை நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். காதுக்குள் ரீங்காரம் ஓயவில்லை. சாயங்காலமானால் அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து வயிற்றை அமுக்குவார். "கொறஞ்ச மாதிரி இருக்குய்யா" என்பார். அம்மாவுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும், குறையவில்லை. பாடப் புத்தகத்தைத் தொடவே இல்லை. மூச்சு விடத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

ஈப்போவில் நேர்முகக் கேள்விகள் நன்றாகவே போயின. தரையைப் பார்க்கவில்லை. ஒரு துரை சிரித்தும் வைத்தார். கிடைத்துவிட்டது என்றே மனம் துள்ளியது.

அடுத்து உடம்புச் சோதனை. கண், பல், நெஞ்சு... எல்லாம் சரி. மேசைமேல் படுக்கச் சொன்னார் டாக்டர். வயிற்றைத் தளர்த்தினேன். சின்ன மூச்சு, சின்ன மூச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் கை சில்லென்றிருந்தது. பட்டதுதான் தாமதம்... பெரட்டுக் களத்தில் நின்ற அதே பிள்ளை மாதிரி, முழு மூச்சையும் இழுத்துப் பிடித்துவிட்டேன்.

டாக்டரின் விரல்கள் நின்ற இடத்திலேயே நின்றன. எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். பாவம், திட்டக்கூட இல்லை.

வெளியே அப்பா மடக்கிய குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னாய்யா?"

"மூச்சப் புடிச்சிட்டேம்ப்பா."

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "சரி வா, ரயிலுக்கு நேரமாச்சு" என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி அவர் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அடுத்த வருஷம் எழுதிப் போட வயது கடந்துவிட்டது. டிரஸரே என்னைத் தன்னோடு வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். பிறகு நானும் டிரஸரானேன். பெரட்டுக் களத்தில் எத்தனை வயிறு அமுக்கியிருப்பேன்! "மூச்ச வுடுடா, புடிக்காத" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. ஒரு பயலும் கேட்டதில்லை. நானே கேட்கவில்லையே! கொசு ஒழியச் சதுப்புகளைத் தூர்த்து, ஓடைகளில் எண்ணெய் தெளித்ததில், கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிகள் குறைந்தன.

இப்போது எனக்கு எண்பதை நெருங்குகிறது. பேத்தி டாக்டருக்குப் படிக்க எழுதிப் போட்டாள். அவளுடைய ஆசிரியை மார்க்கை வைத்து, எங்கே கிடைக்கும், எங்கே சந்தேகம் என்று புட்டுப் புட்டு வைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கடிதம் வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அது மட்டும் மாறவில்லை.

போன வாரம் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஓடி வந்து என் காலில் விழுந்தாள்.

"செத்த நேரம் படும்மா" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படுத்தாள். இடது விலாவுக்குக் கீழே கை வைத்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினேன்...

"ஐயோ தாத்தா, கூசுது லா!"

விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த இடத்தில் கை வைத்து யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.