இராத்திரிக்கு ஒரே ஒரு மாத்திரை

மருந்துக் கடையில் நிற்கிறவனுக்கு மருந்தை எடுத்துக் கொடுப்பது பாதி வேலைதான். கொடுத்ததை எப்படித் தின்ன வேண்டும் என்று சொல்லித் தொண்டை வற்றுவது மீதிப் பாதி. கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. விருதுநகர் பஜாரில் ஒரு மருந்துக் கடையில் அறுபதுகளில் வேலை பார்த்தேன். அப்போது என்னை அதிகம் வதைத்தது காணாக்கடி மாத்திரை. உடம்பெல்லாம் தடித்து அரிக்கிறவர்களுக்கும், மிளகாய் நெடியில் விடாமல் தும்முகிறவர்களுக்கும் டாக்டர்கள் எழுதுவது. நல்ல மாத்திரை, ஆனால் தூக்கத்தில் அமுக்கிவிடும். அதனால் வளர்ந்த ஆளுக்கு இராத்திரி படுக்கும்போது ஒன்று என்றுதான் சீட்டில் இருக்கும். இந்த ‘ஒன்று’ மட்டும் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

எடைக்கு எடை

மிளகாய் வத்தல் மூடை அடுக்கும் கிட்டங்கியில் தராசு பிடிக்கிறவர் ஒருவர், வாட்டசாட்டமான ஆள். தும்மலுக்கு மாத்திரை வாங்கிப் போனவர் மறுநாளே கண் செருக, நாக்குக் குழற வந்து நின்றார். மூடை அடுக்கின் மேல் உட்கார்ந்தபடியே தூங்கி உருண்டு விழுந்திருக்கிறார். நெற்றி வீங்கியிருந்தது. எத்தனை போட்டீர்கள் என்று கேட்டேன். மூன்று போட்டாராம். அதுவும் காலையில், ஒரே வாயில்.

எனக்குச் சுரீரென்று வந்தது. ஆளைப் பார்த்துத்தானே டாக்டர் எழுதியிருக்கிறார், ஒன்றுக்குக் கேட்கவில்லை என்றால் அவரிடம் போய்ச் சொல்லுங்கள், நாமாக ஏற்றக் கூடாது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஒண்ணுங்கிறது ஒங்கள மாதிரி ஒல்லி ஆளுக்கு. நான் ரெண்டு ஆளு எடை. அதுக்கு ரெண்டு, கொசுறு ஒண்ணு. இதுல என்ன தப்பு?”

விரத நாள் மருந்து

அப்போது மதுவிலக்கு. சாராயம் ஊருக்குள் கிடையாது, காட்டுக்குள் மட்டும் கிடைக்கும். குடிக்கிற ஆளுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தால் எழுப்பினாலும் எழாமல் கிடப்பார், மூச்சே மந்தப்பட்டுப் போகலாம். ஆகவே குடிப்பீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். ஒரு சம்சாரி, வெள்ளைச் சட்டை, பக்கத்தில் மனைவி. தணிந்த குரலில்தான் கேட்டேன். சர்க்கார் ஒழித்த சரக்கை நான் குடிப்பேனா, என்னைப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று கடை அதிரக் கத்திவிட்டு மனுஷன் வெளியே போய் நின்றுகொண்டார்.

அந்த அம்மா போகவில்லை. சாயந்தரம்தான் குடிப்பார், மாத்திரையைக் காலையில் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார். காலையும் கூடாது, மாலையும் கூடாது, குடிக்கிற வழக்கத்தை டாக்டரிடம் சொல்லி வேறு மருந்து கேளுங்கள் என்றேன்.

“அப்ப ஒண்ணே ஒண்ணு குடுங்க அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை மட்டும் அவுக விரதம்.”

நூறு மாத்திரை டப்பா

தீபாவளி சீசன். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு வெடியாபீஸ் ஒன்றின் போர்மேன் வந்து நூறு மாத்திரை டப்பா கேட்டார். டாக்டர் சீட்டு இல்லை. வெடிமருந்து சலிக்கிற அறையில் தூசி பட்டு எல்லாருக்கும் உடம்பு அரிக்கிறதாம். சொறிந்துகொண்டே இருந்தால் ஆர்டர் எப்படி முடியும், காலையில் கேட்டிலேயே ஆளுக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று கொடுத்து உள்ளே விடப் போகிறேன் என்கிறார்!

எனக்கு உரக்கப் பேச வராது. டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டு, முடியாது என்றேன். வெடிமருந்துச் சல்லடை பிடிக்கிறவருக்குப் பகலில் தூக்கத்தைக் கொடுப்பதும் கொளுத்தின திரியைக் கையில் கொடுப்பதும் ஒன்றுதான், அந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். நாலு பேர் என்றார். நாலு பேருக்கும் வீடு இருக்கிறதே என்றேன். அவர் அசையவில்லை.

“தூங்குனா தட்டி எழுப்பத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் குடுக்கு. நீரு குடுக்காட்டி எதுத்த கடைக்காரன் குடுத்துட்டுப் போறான்.”

தூக்கத்தைப் போக்க ஒன்று

எதிர்த்த கடையில் கொடுத்தும்விட்டார்கள். சில நாள் கழித்து மாரியம்மா வந்தார். அதே வெடியாபீசில் வெடிக்குக் காகிதக் குழாய் ஒட்டுகிறவர். புருஷன் செல்லையா அங்கே வெடிமருந்து சலிக்கிறவர். டாக்டர் சீட்டுப்படி செல்லையாவுக்கு இராத்திரிக்கு ஒன்று என்று எங்கள் கடையில்தான் வாங்கிப் போயிருந்தார். இப்போது, “அவுக பகல்ல சொக்கிச் சொக்கி விழுறாக, தூக்கத்தப் போக்க ஒரு மாத்திரை குடுங்க” என்கிறார். கேட்டில் கொடுக்கிற மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். காட்டினார். நிறம் வேறு, மருந்து அதேதான். வீட்டில் ஒன்று, கேட்டில் ஒன்று, மத்தியானம் ஒன்று! தூக்கத்தைப் போக்க மாத்திரை வேண்டாம், கம்பெனி கொடுக்கிற இரண்டையும் நிறுத்துங்கள். இராத்திரி மாத்திரையின் மந்தம் விடிந்தும் மிச்சம் இருந்தால் அன்றைக்குச் சல்லடையைத் தொடவே கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றேன்.

மாரியம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முந்தாநாள் சலிக்கிற அறைப் பக்கம் போனபோது செல்லையா சல்லடையைப் பிடித்தபடியே கண்ணை மூடி நின்றாராம். கூப்பிட்டால் திடுக்கிட்டுப் போட்டுவிடுவார் என்று பயந்து, சத்தமில்லாமல் போய்ச் சல்லடையைத் தன் கையில் வாங்கி மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அப்புறம்தான் புருஷனை வெளியே இழுத்து வந்தாராம். வேலை நேரத்தில் வெளியே வந்ததற்காக இரண்டு பேரின் அன்றைய கூலியையும் போர்மேன் வெட்டிவிட்டார். மாரியம்மாவுக்குக் கூலி போனது பெரிதாக இல்லை.

“சோம்பேறி ஆயிட்டாகன்னு நான் நாலு நாளா ஏசிக்கிட்டு இருந்தேனே அண்ணாச்சி!”

முந்தி முடிச்சு

அடுத்த வாரம் மாரியம்மாவே வந்து முந்தி முடிச்சை அவிழ்த்துக் கவுண்டரில் கொட்டினார். கேட்டில் வாங்கி, வாயில் போடுகிற மாதிரி போர்மேனுக்குக் காட்டிவிட்டு, சலிக்கிற அறைக்காரர்கள் மாரியம்மா சொல்லி அவரிடமே கொடுத்து வைத்தவை. எண்ணினேன். நாற்பத்தெட்டு. நாலு பேர், நாளைக்கு இரண்டு, ஆறு நாள்; ஒருவரும் ஒன்றுகூட விழுங்கவில்லை. செல்லையாவுக்கு அரிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“இராத்திரிக்கு ஒண்ணு குடுக்கேன், நல்லாத் தூங்குறாக. பகல்ல ஊறத்தான் செய்யுது. ஊறிட்டுப் போகட்டும் அண்ணாச்சி, சொறியிறதுக்குக் கை இருக்குல்ல!”

அரிப்பை அடக்க மாத்திரை வந்துவிட்டது. அதைப் பிறத்தியார் வாயில் பகலிலும் திணிக்கத் துடிக்கிறவர்களை அடக்கத்தான் இன்னும் ஒன்றும் வந்து சேரவில்லை.