முடிஞ்சதுன்னு ஒட்ட மாட்டேன்

எனக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதுன்னு வீட்டுல எல்லாரும் சொல்லுவாங்க. சரிதான், தெரியாது. தெரிஞ்சிருந்தா இரண்டாயிரத்து எட்டுல, மதுரை காளவாசல்ல அந்த மாடி ஆபீசுல, எனக்குச் சொன்ன தேதியில வேலை பெர்மனென்ட் ஆகியிருக்கும். அதுக்காக வருத்தப்படுறேனான்னு கேட்டா இன்னைக்கும் இல்லைன்னுதான் சொல்லுவேன்.

வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் தோட்டம் வச்சிருக்கிற குடும்பம் எங்களுது. அங்க இருந்து கம்ப்யூட்டர் வேலைக்குன்னு பஸ் ஏறின முதல் ஆளு நான். அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னாரு: "ஆறு மாசம் பாப்போம். பெர்மனென்ட் ஆக்கலைன்னா வீட்டோட இரு. நான் மாப்பிள்ளை பாக்குறேன்." கம்பெனியிலயும் சோதனைக் காலம் ஆறு மாசம்தான். ஆக, பெர்மனென்ட்னு வரப்போற ஒத்தைக் கடிதத்தை நம்பித்தான் நான் தினமும் பஸ் ஏறிக்கிட்டு இருந்தேன்.

என் வேலை டெஸ்டிங். மத்தவங்க எழுதின ப்ரோகிராம்ல ஓட்டை கண்டுபிடிக்கணும். குறை சொல்றதுக்குச் சம்பளம் குடுத்தா யாருக்குத்தான் பிடிக்காது! லண்டன் பக்கம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுற ஒரு கம்பெனிக்கு சாப்ட்வேர் செஞ்சோம். பிள்ளைக ஏறுறப்பவும் இறங்குறப்பவும் அட்டையைக் காட்டுவாங்க. பஸ் ஷெட்டுக்குப் போனதும், எந்தப் பிள்ளையாவது இறங்காம இருந்தா டிரைவருக்கு மணி அடிக்கணும். அம்புட்டுதான்.

நான் சேந்த ரெண்டாவது மாசம் எங்க மேனேஜர் சென்னையில ரெண்டு நாள் ட்ரெய்னிங் போயிட்டு வந்து, "இனிமே நாம அஜைல்" அப்படின்னாரு. வேலையைச் சின்னச் சின்னதா வெட்டி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை முடிச்சுக் காட்டுற முறையாம். சுவர் பூரா சார்ட் பேப்பர் ஒட்டினோம். முதல் தாள் பேக்லாக்: செய்ய வேண்டியது எல்லாம் அதுல இருக்கும், எது முக்கியமோ அது மேல. அந்த வரிசையை மாத்துற உரிமை லண்டன்ல இருக்கிற கிளையன்ட் அம்மாவுக்கு மட்டும்தான். அடுத்த தாள்ல இந்த ரெண்டு வாரத்துக்கு நாங்களா பார்த்து எடுத்துக்கிட்ட வேலைக. மஞ்சச் சீட்டுல எழுதி, 'செய்யணும்', 'நடக்குது', 'முடிஞ்சது'ன்னு மூணு கட்டத்துல ஒட்டுவோம். அதுக்குப் பக்கத்துல பர்ன்டவுன், அதாவது இன்னும் எம்புட்டு வேலை மிச்சம்னு தினமும் ஒரு புள்ளி வச்சு இழுக்கிற கோடு. கடைசித் தாள்ல, ஒரு வேலையை எப்ப 'முடிஞ்சது'ன்னு சொல்லலாம்னு நாலு விதி எழுதி டீம்ல எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். டெஸ்டர் சரின்னு சொல்லியிருக்கணும்கிறது அதுல ஒண்ணு.

இதுல ஒரு கூத்து. பர்ன்டவுன் கோட்டை மேனேஜர் முதல் நாளே ஸ்கேல் வச்சு முழுசா இழுத்துருவாரு! ரெண்டு வாரத்துக் கோடு திங்கட்கிழமை காலையிலயே ரெடி. மேல இருந்து கீழ வரைக்கும் சறுக்குமரம் கணக்கா இறங்கும். அப்புறம் தினமும் சாயங்காலம் கோட்டைப் பார்த்து, "இன்னைக்கு நாலு சீட்டு முடிஞ்சிருக்கணுமே"ன்னு சொல்லி, நாலு சீட்டை 'முடிஞ்சது' கட்டத்துக்குத் தள்ளுவோம். அதை அவரே போட்டோ எடுத்து வாராவாரம் லண்டனுக்கு அனுப்புவாரு. "வெரி நைஸ்"னு பதில் வரும். நானும் மூணு மாசம் கையைக் கட்டிக்கிட்டுத்தான் பார்த்தேன். மறைக்கிறதுல என்ன இருக்கு, எனக்குக் கடிதம் வேணும்ல.

ஆறாவது மாசம் தொடங்கின முதல் புதன்கிழமை அந்த மணியைச் சோதிச்சேன். ஒத்தைப் பிள்ளைக்குச் சரியா அடிச்சுச்சு. அடுத்து, கம்ப்யூட்டர்லயே ஒரே வீட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேரை ஏத்திவிட்டேன். அண்ணன் இறங்கினான். உடனே தம்பியும் இறங்கிட்டான்னு அதுவா எழுதிக்கிச்சு. பஸ் ஷெட்டுக்குப் போச்சு, மணி அடிக்கலை. பத்துத் தடவை பார்த்தேன். பத்துத் தடவையும் அந்தச் சின்னப் பய பஸ்லயேதான் இருந்தான்.

அந்தப் பகுதியை எழுதினது என் பக்கத்து சீட்டு அண்ணே. வீட்டுல சௌராஷ்டிரம் பேசுறவரு, கோபம் வந்தா முணுமுணுப்பும் அந்தப் பாஷையிலதான் வரும். "அண்ணே, இது முடியலைண்ணே"ன்னு காட்டினேன். கொஞ்ச நேரம் முணுமுணுத்தாரு. அப்புறம் தமிழுக்கு வந்தாரு. "ஏம்மா, நாளன்னிக்கு லண்டனுக்கு டெமோ காட்டணும். ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர்னு வச்சுல்ல எழுதியிருக்கேன். பிரிச்சு எழுத நாலு நாள் ஆகும்."

"ஆகட்டும்ணே."

"உனக்கென்ன, ஆகட்டும்னுருவ!"

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தாரு. "அதை முடிஞ்சதுல ஒட்டும்மா. அடுத்த தடவை பூசி மெழுகிக்கலாம்."

"முடியலையே சார்."

"இந்தச் சுவரே சும்மா கிளையன்ட் பாக்குறதுக்குத்தான். உன் பெர்மனென்ட் லெட்டர் என் மேசையில இருக்கு, தெரியும்ல? கையெழுத்து மட்டும்தான் பாக்கி." சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கலை.

"கிளையன்ட் பாக்குறது நெசமா இருக்க வேணாமா சார்? இம்புட்டுப் பேப்பர் எதுக்கு ஒட்டினோம்? எது முடியும், எது முடியாதுன்னு முன்னாடியே எல்லாருக்கும் தெரியணும்னுதானே? கெட்ட சேதி சொல்லாத கோடு எதுக்கு, சுவத்துக்கு அழகுக்கா? அதுக்கு ஒரு காலண்டர் வாங்கி மாட்டலாமே!"

மேனேஜரே அந்தச் சீட்டைப் பிய்ச்சு 'முடிஞ்சது'ல ஒட்டினாரு. நான் எடுத்து 'நடக்குது'ல ஒட்டினேன். மறுபடி மாத்தினாரு. மறுபடி எடுத்தேன். சீட்டுல பசையே போயிருச்சு, நான் குண்டூசி எடுத்துக் குத்தினேன். அதோட விடலை. சிவப்புப் பேனாவால, அவரு இழுத்த கோட்டுக்கு மேல, நெசமா மிச்சம் இருந்த வேலையை எண்ணி ஒவ்வொரு நாளுக்கும் புள்ளி வச்சு இழுத்தேன். என் கோடு இறங்கவே இல்லை, துணி காயப்போடுற கொடி மாதிரி மேலயே தொங்குச்சு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடியோ கால். மேனேஜர் சுவரை மறைச்சுக்கிட்டு நின்னாரு. எம்புட்டு மறைச்சாலும் மனுச முதுகு அவ்வளவுதானே! "உங்க பின்னாடி என்ன சிவப்புக் கோடு?"ன்னு அந்தம்மா கேட்டுட்டாங்க. அவரு ஏதோ பயிற்சி, அது இதுன்னு இழுத்தாரு. எனக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும். எந்திரிச்சேன். "மேடம், ரெட் லைன் ட்ரூ லைன். பிக் பிரதர் கெட் டவுன். ஸ்மால் பிரதர் இன்சைட் பஸ். நோ பெல்."

அப்பத்தான் அண்ணே தொண்டையைச் செருமிக்கிட்டு, தப்பு தன்னோடதுன்னும் சரிபண்ண நாலு நாள் வேணும்னும் சொன்னாரு. அந்தம்மா யோசிச்சு, பேக்லாக்ல மாசக் கணக்கு ரிப்போர்ட்டைக் கீழ தள்ளுங்க, மணியை எல்லாத்துக்கும் மேல வைங்கன்னாங்க. அஞ்சே நிமிஷம், முடிஞ்சுபோச்சு. இனிமே சுவர் போட்டோவை டீம்ல இருந்து வேற ஒருத்தர் எடுத்து அனுப்பட்டும்னு மட்டும் பிறகு ஒரு மெயில் வந்துச்சு.

மாசக் கடைசியில என் கடிதம் வந்துச்சு. சோதனைக் காலம் மூணு மாசம் நீட்டிப்பு, காரணம் குழுவோட ஒத்துப் போகலை. பஸ்ல வாடிப்பட்டி வரைக்கும் அழுதேன், ஆத்திரத்துல.

அப்பாகிட்ட சுத்தி வளைக்கலை. "கடிதம் வரலைப்பா. ஆனா நான் வேலைக்குப் போறதை நிறுத்த மாட்டேன்"னு சொல்லி, நடந்தது எல்லாத்தையும் கொட்டினேன். அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"அந்தச் சின்னப் பயலுக்கு இப்ப மணி அடிக்குதா?"

"அடிக்குதுப்பா."

"மூணு மாசம்தான், அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது"ன்னுட்டு மோட்டார் போடக் கிளம்பிட்டாரு.

திங்கட்கிழமை காலையில நான்தான் முதல் ஆளு. ஒரு மஞ்சச் சீட்டு எடுத்து, லண்டன்ல படிக்கத் தெரியணுமேன்னு இங்கிலீஷ்ல, 'டெஸ்டருக்குப் பெர்மனென்ட் லெட்டர் குடுக்கிறது'ன்னு பெருசா எழுதினேன். அதை 'செய்யணும்' கட்டத்துல உச்சியில குண்டூசி குத்தி நிறுத்தினேன். மேனேஜர் வந்து பார்த்தாரு. மூஞ்சி சிவந்துபோச்சு.

"என்ன இது? எடு முதல்ல."

"முடிஞ்சதும் எடுக்கிறேன் சார்."

லண்டனுக்குப் போட்டோ எடுத்து அனுப்புற முறை அன்னைக்கு அண்ணேயோடது. கேமராவைத் தூக்கினவரு, எழுத்துத் தெளிவா விழணும்னு ரெண்டடி முன்னாடி வந்து நின்னு எடுத்தாரு.